சாவி என்னிடம் இருந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. நான் போர்ட் பிளேரில் துறைமுக வேலையில் இருக்கிறேன், ஹேடோவில் குவார்ட்டர்ஸ். சில வருடங்களுக்கு முன், குடித்துக் குடித்து வேலையும் வீடும் கையை விட்டுப் போகவிருந்த நேரம். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று ஷாதிபூரில் நடப்பதாக என் மனைவி யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தாள். தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று மூன்று வாரம் அந்தத் தெருவில் முன்னும் பின்னும் நடந்துவிட்டுத் திரும்பினேன். நடுரோட்டில் விழுந்து கிடந்தபோது இல்லாத வெட்கம், அப்போது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

நான்காவது வாரம் உள்ளே போனேன். சின்ன அறை, ஏழெட்டு நாற்காலிகள். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று ஆளுக்கொரு பாஷை. எல்லோருக்கும் பொதுவாக எங்கள் தீவு ஹிந்தி. முழுப்பெயரோ விலாசமோ யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே பேசியது வெளியே போகாது. அப்படியே மூன்று வருடம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் ஓடிவிட்டது. பழைய ஆள் என்று அறைச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் மூன்று மணிக் கூட்டத்துக்கு இரண்டரைக்கே போய்த் திறந்து, பெருக்கி, டீ வாங்கி வைப்பது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருடம் பிப்ரவரியில் பெரார்கஞ்சிலிருந்து ஒருவர் வர ஆரம்பித்தார். தமிழர், பாக்குத் தோட்டத்தில் வேலை. இரண்டு வரி ஹிந்தியில் பேசிவிட்டு மீதியை என்னைப் பார்த்துத் தமிழில் சொல்வார். மூத்த மகளின் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் காலடியில் வாந்தியெடுத்துக் கிடந்ததை அவர் சொன்ன அன்று, பாஷை புரியாதவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வந்ததும் என்னிடம்தான் முதலில் குடிக்காத நாள் கணக்கைச் சொல்வார். கடைசியாகச் சொன்னது, "இன்னிக்கி நூத்திப் பதினோராவது நாள்ண்ணே."

அதற்கடுத்த ஞாயிறு காலையிலிருந்தே மழை கொட்டியது. வழக்கமாக வருகிற மூன்று பேர் போன் பண்ணி வரவில்லை என்றார்கள். "நீங்க போகலையா?" என்று மனைவி கேட்டாள். "இந்த மழையில எவன் வரப்போறான்?" என்று பாயை விரித்துப் படுத்தேன். சூடாக வெங்காய பஜ்ஜி வந்தது. பெரார்கஞ்சுக்காரரை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். அவரிடம் சொல்லவும் வழியில்லை. வீட்டில் இளைய மகள்தான் போனை எடுப்பாள் என்று அவர் யாருக்கும் நம்பர் கொடுத்ததில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே வரப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு பஜ்ஜியை எடுத்தேன்.

மறுவாரம் அறையைத் திறக்கப் போனபோது எதிர் டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "போன வாரம் ஒரு ஆளு நனைஞ்சிட்டே வந்தாரு பாய். ஒரு கண்டா, ஒரு மணி நேரத்துக்கு மேல வாசல்லயே நின்னாரு. மீட்டிங் பந்தா, இனிமே கிடையாதான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்னேன்."

பெரார்கஞ்சுக்காரர்தான். அந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் லீவு போட்டு பெரார்கஞ்சுக்கு பஸ் ஏறினேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பெரிய அவமானம் எனக்குத் தெரியும்; முழுப்பெயர் தெரியாது. யாரிடமாவது அடையாளம் சொல்லிக் கேட்டால், எப்படிப் பழக்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். என்ன சொல்வது? யாரையும் கேட்காமல் ரோட்டோரம் நடந்தேன். திரும்பிப் போகலாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், அங்கே பெஞ்சில் அவரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போகும் முன்னே வாடை வந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "அன்னைக்கி கதவுல தாலா போட்டுப் பூட்டியிருந்துச்சுண்ணே. நீங்க ஒருநாளும் வராம இருந்ததில்ல. அண்ணன் மறுபடி குடிச்சிட்டாரு போலன்னு நெனச்சேன். மூணு வருசம் தாண்டுனவருக்கே முடியல, நமக்கு எங்கன்னு தோணிருச்சு" என்றார். அன்றைக்கே, பூட்டிய அறையிலிருந்து திரும்பி பஸ்ஸுக்கு வருகிற வழியிலேயே குடித்திருக்கிறார்.

பூட்டிய கதவைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு காரணம்தான் தோன்றும். அது எனக்குத் தெரியாதா என்ன? அவரிடம் உண்மையைச் சொன்னேன். மழை, விரித்துப் படுத்த பாய், பஜ்ஜி எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப குடிக்கலியா? நெசமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்காகச் சந்தோஷப்பட்டார் அந்த மனிதர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வருகிறேன் என்றார். இதுவரை வரவில்லை. எந்த மழையானாலும் இரண்டரைக்குத் திறந்துவிடுகிறேன். யாரும் வராவிட்டாலும் அவருடைய கடைசி பஸ் போகும் நேரம் வரை உட்கார்ந்திருக்கிறேன். குடித்த காலத்தில் நான் செய்த தப்புக்கெல்லாம் குடிமேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். இந்தத் தப்பைச் செய்த அன்றைக்கு நான் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.