பெரில் அன்ரி அழித்து எழுதிய பெயர்

ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா ரெலிபோன் எடுத்தார். அந்த நேரத்தில் அவர் எடுத்தால் காரில் இடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் இருக்கும். "தம்பி, பெரில் அன்ரி மோசம் போயிட்டா. விடியக் காலமை, நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்," என்றார். "இனி ஆர் எழுதுறது?" என்று அக்கா கேட்டார். கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். நான் சப்பாத்து போட்டபடியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பூசைக்குப் பிந்தித்தான் போனேன்.

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிறவர்களுக்குப் பெரில் அன்ரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேராவது அவரிடம் பேச்சு வாங்கியிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கில் பிறந்த கத்தோலிக்கர். இறகுப் பேனாவும் மையும் கொண்டு அழகாக எழுதுவதையே தொழிலாகப் படித்தவர். கணவர் ஆதருடன் இளவயதில் ரொறொன்ரோ வந்து, பட்டச் சான்றிதழ்களும் இளைப்பாறும் நீதிபதிகளுக்கான வாழ்த்துமடல்களுமாக ஒரு ஆயுள் முழுக்க எழுதினார். ஆதர் இறந்த வருடம், கன்றுத்தோல் தாள்களால் ஒரு பெரிய புத்தகம் கட்டி எங்கள் கோவிலுக்குக் கொடுத்தார். பங்கு மக்களின் இறந்த உறவுகளின் பெயர்களை நவம்பர் தொடக்கத்தில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் ஒவ்வொரு வருடமும் தன் கையாலேயே அதில் எழுதினார். மன்னாரிலும் தீவுகளிலும் கல்லறைகூட மிஞ்சாத எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த உலகத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிற இடம் அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது; இங்கும் அப்படியே தருகிறேன்.

நான் அவருக்கு வாசிப்பாளன். எழுதுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, எழுத வேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆதர் இருந்தவரை அது ஆதரின் வேலை. "நான் அந்த மனிசனைக் கலியாணம் கட்டினதே வாசிக்க ஆள் வேணும் எண்டுதான்," என்பார். ஆதர் போனபின் ஒரு ஞாயிறு, பூசையில் நான் வாசகம் வாசித்து முடித்து வெளியே வர, வாசலில் மறித்தார். "நீ அவசரப்படாமல் வாசிக்கிறாய். சனிக்கிழமையில என்ன செய்யிறனி?" என்றார். வாழ்க்கையில் நான் அவசரப்படாமல் செய்யும் ஒரே காரியம் அதுதான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

கண் தெரிகிறவருக்கு வாசிக்க ஆள் எதற்கு என்று முதல் சனிக்கிழமையே கேட்டேன். அவர் தன் பயிற்சிக் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். ஓவியக் கல்லூரி முடித்ததும் ஒரு பட்டறையில் சேர்ந்தாராம். உலக யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் கோவில்களுக்கான புத்தகங்களில் எழுதுவது அங்கே வேலை. ஒருவர் எழுத ஒருவர் வாசிப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். ஒரு நாள் வாசிக்க வேண்டிய பெண் தடிமன் காய்ச்சலோடு வீட்டில் நின்றுவிட, இவர் தனியாக ஒரு பக்கம் எழுதி முடித்தார். பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான், நடுவில் இருந்த ஒரு பெயர் தன்னுடைய சொந்த மாமாவின் பெயர் என்று தெரிந்ததாம். தாயின் தம்பி. சின்ன வயதில் இவரைத் தோளில் தூக்கித் திரிந்தவர். "என்ர கையால எழுதினனான். எனக்குத் தெரியேல்லை. வடிவத்தைப் பார்க்கிற கண் சொல்லைப் பார்க்காது, சேவியர். எழுதுறவைக்கு வாசிக்கத் தெரியாது," என்றார்.

அந்தப் பயிற்சி சாதாரணப் பயிற்சி இல்லை. முதல் குளிர்காலம் முழுவதும் வட்டமான ஒரு எழுத்தை மட்டும் எழுத விட்டார்களாம். ஆசிரியர் தாளை வாங்கித் தலைகீழாக யன்னலில் பிடிப்பார். எழுத்தைப் பார்க்க மாட்டார். எழுத்துகளுக்கு நடுவில் விட்ட வெள்ளையைப் பார்ப்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார். வாடகை அறையில் மை உறைந்துவிடும் என்று மைப்போத்தலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாராம். இவ்வளவும் படித்து முடித்த பின், பட்டறையில் வேலை குறைந்த காலங்களில் அவருக்குக் கிடைத்தது ஒரு ஹோட்டலுக்குத் தினமும் சாப்பாட்டு அட்டை எழுதுகிற வேலை. "என்ர சீவியத்தில அதிகம் எழுதின சொல் என்ன தெரியுமோ? அவிச்ச கோவா," என்று சொல்லிச் சிரிப்பார். அந்த அவித்த முட்டைக்கோசையும் நீதிபதியின் பெயரைப் போலத்தான் எழுதியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோடையில் வாத்து இறகு உதிரும் நாட்களில் அவரை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. வலக்கையால் எழுதுகிறவருக்கு இடச்சிறகின் இறகுதான் வளைந்து பிடிக்கு வரும். அவர் ஊன்றுகோலால் காட்ட, நான் குனிந்து குனிந்து பொறுக்குவேன். வாத்துகள் சீறிக்கொண்டு எங்களைத் துரத்தும். "இந்த நாட்டு வாத்துக்கு இறகு திறம். குணம்தான் சரியில்லை," என்பார். யாரோ எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு, உங்கட மனிசன் ஒரு வெள்ளைக்காரக் கிழவியோடு பார்க்கில் குப்பை பொறுக்குகிறார் என்று என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுப் பெரில் அன்ரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்படிப் பகிடியோடு திரிந்த மனுஷிக்குள் இருந்த இரும்பை நான் ஒரு ஐப்பசி மாதத்தில் பார்த்தேன். அந்த வருடம் பிறம்ரனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஆள் தட்டுப்பாடு. ஒரு சனிக்கிழமை வேலைக்கு நிற்க வேண்டியதாகிவிட்டது. திருநாள் நெருங்கிவிட்டதென்று அவர் காத்திருக்காமல் தனியே எழுதினார். மறுநாள் நான் போனபோது புத்தகம் மேசையில் திறந்திருந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "வாசி," என்றார். வாசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டேன். அங்கே அந்தோனிப்பிள்ளை அண்ணையின் பெயர் இருந்தது.

அந்தோனிப்பிள்ளை அண்ணை பிலோமினா அக்காவின் கணவர். தன் தாய் மரியம்மாவின் பெயரை எழுதச் சொல்லித் துண்டு கொடுத்தவர். துண்டின் மேலே தன் பெயர், கீழே தாயின் பெயர். கண் மேலே விழுந்திருக்கிறது, கை எழுதிவிட்டது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அடுத்து வரும் புதன்கிழமை அண்ணைக்கு இருதய ஒப்பரேஷன். அவர் பிழைத்து வர வேண்டும் என்று பூசையில் மன்றாட்டும் சொல்லியாகிவிட்டது.

தோலில் எழுதியதைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம். அது அவர்கள் படிப்பில் ஒரு பாடமே. பெரில் அன்ரி சுரண்டினால் அங்கே எழுத்து இருந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. "இப்பவே எடுத்துவிடுங்கோ அன்ரி. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அவையின்ர நிலைமைக்கு இதைச் சொல்லுறது பாவம்," என்றேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். "அந்த மனிசனைக் கேளாமல் பேரைப் போட்டது ஒரு பிழை. கேளாமல் எடுத்தால் ரெண்டு. காரை எடு." நான் வாசலில் நின்றும் வாதாடினேன். தெரிந்தால் பங்குச் சபை புத்தகத்தை உங்களிடமிருந்து வாங்கிவிடும் என்றுகூடச் சொன்னேன். "வாங்கட்டும்," என்றார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை அந்தப் புத்தகம் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். புத்தகத்தைக் குளிக்கிற துவாய் ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

ஒப்பரேஷனுக்கு முன் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பிலோமினா அக்கா கேத்தலை அடுப்பில் வைத்தார். பெரில் அன்ரி உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு சின்னத் தவறு, வயது போன காலம், வேலைக் களைப்பு என்று சுற்றி வளைத்துத் தொடங்கினேன். அன்ரி என் கையைப் பிடித்தார். "நான் சொன்னது இவ்வளவு நீளமில்லை. சொன்னதை மட்டும் சொல்லு." சோபாவிலிருந்து அந்தோனிப்பிள்ளை அண்ணை, "தம்பி, நீ கஷ்டப்படாத. எனக்கு இங்கிலிசு விளங்கும்," என்றார். எழும்பி வந்து புத்தகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

அக்கா அடுப்பை நிற்பாட்டினார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "புதன்கிழமை இவற்ற நெஞ்சைத் திறக்கப் போறாங்கள். நீங்கள் செத்தவையின்ர புத்தகத்தில பேரைப் போட்டு, வீட்டுக்கும் கொண்டுவந்து காட்டுறியள்," என்றார். இதை நான் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பெரில் அன்ரி, "ஓம். நான்தான் செய்தது," என்றார். அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். "இதில வையுங்கோ. இப்ப எடுங்கோ. நான் பார்க்க வேணும்."

பெரில் அன்ரி கைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். வெளிச்சம் போதாது என்றதும் அக்கா படுக்கையறை விளக்கைக் கொண்டுவந்து பிடித்தார். கத்தியைச் சரித்துப் பிடித்து, தோலைக் காயப்படுத்தாமல், மையை மட்டும் தூளாக எடுக்க வேண்டும். ஊத வேண்டும், திரும்பவும் எடுக்க வேண்டும். "இதில இன்னும் கிடக்கு," என்று அக்கா விரலால் காட்டுவார். அன்ரி அந்த இடத்துக்குப் போவார். "உதிலயும்." அங்கேயும் போவார். கோபத்தில் தொடங்கிய அக்காவின் குரல் எப்போது தணிந்ததென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இப்ப இல்லை," என்றார்.

சுரண்டிய இடத்தை வழுவழுப்பாகத் தேய்த்து, அதே இடத்தில் தாயின் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார் அன்ரி. நான் வாசிக்க வாயெடுத்தேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை, "நில்லு தம்பி. என்ர அம்மா. நான் வாசிக்கிறன்," என்றார். மரியம்மா என்ற பெயரை ஆங்கில எழுத்துகளாக, ஒவ்வொன்றாக, அவர் சொல்லச் சொல்ல அன்ரி எழுதினார். நான் அந்தப் பெயரை வாசித்திருந்தால் அப்படி வாசித்திருக்க மாட்டேன். எழுதி முடித்ததும் அக்கா விளக்கை வைத்துவிட்டு, புதிதாகத் தேநீர் போட்டார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில், யாரும் கூப்பிடாமலே, பெரில் அன்ரி போய் அக்காவின் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச மொழி அதிகம் இல்லை. அண்ணை பிழைத்து வந்தார். பங்குச் சபையிலும் அன்ரி தானே போய்ச் சொன்னார். அவர்கள் புத்தகத்தை அவரிடமே விட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் எழுத்து நாட்களில் அக்கா விளக்குப் பிடிக்க வந்துவிடுவார். ஏன் அக்கா, வேறு வேலை இல்லையா என்று கேட்டால், "நான் பார்க்காட்டி நீங்கள் ரெண்டு பேரும் ஊரில உள்ள ஆரையும் சாகடிச்சுப்போடுவியள்," என்பார். பெரில் அன்ரிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்ன நாளில் அவர் சிரித்த சிரிப்பில் அன்று எழுத்து வேலையே நடக்கவில்லை.

அவருடைய பேனாக்களும் கத்தியும் இங்கிலாந்திலிருந்து வந்த உறவுக்காரப் பெறாமகளோடு போய்விட்டன. போக வேண்டியவை. எனக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் என் கையைப் பிடித்துச் சொன்ன அந்தச் சொல். களஞ்சியத்தில் ஒரு லொறிச் சாமான் மாறிப் போனால், நானே ரெலிபோன் எடுத்து, பிழை எங்களுடையது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. காரணம் அடுக்க எனக்கு இன்னும் வாய் உன்னும். அப்போது, சொன்னதை மட்டும் சொல்லு சேவியர் என்று கேட்கும். அவரை நினைத்து நான் அழுதது அடக்கத்தன்று இல்லை. அப்படி ஒரு ரெலிபோனை வைத்த பிறகுதான்.

அடக்கம் முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாடு. பங்குச் சபைப் பொடியன் ஒருவன் எங்கள் மேசைக்கு வந்தான். இனிமேல் பெயர்களைக் கொம்பியூட்டரில் அச்சடிக்கப் போகிறார்கள், கையெழுத்து மாதிரியே நல்ல வடிவான எழுத்து இருக்கிறது, முதலாவதாகப் பெரில் அன்ரியின் பெயரையே போடுவோம் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பிலோமினா அக்கா மறுபக்கம் பார்த்தார். அந்தோனிப்பிள்ளை அண்ணை, "நல்லது தம்பி, செய்யுங்கோ," என்றார். அவன் போன பிறகு, அக்காவுக்குக் கேட்காமல் என் பக்கம் சரிந்து சொன்னார்:

"என்ர பேரை அவ ஒருக்கா எழுதிப்போட்டா. எனக்கு அது போதும்."