முழங்கால் உயரப் பொக்லைன்

குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மருந்துக் கடையில் இப்போதெல்லாம் சிரப்போடு ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு ஒன்றும் தருகிறார்கள். அளந்து வாயில் விடச் சௌகரியம். மருந்து கொடுத்துவிட்டு அதைக் கழுவப் போனவள், தண்ணீரை உறிஞ்சுவதும் பீய்ச்சுவதுமாகக் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். "இன்னாம்மா பண்ற?" என்று மகள் கட்டிலில் இருந்து குரல் கொடுத்தாள். நாற்பதை நெருங்கும் ஒருத்தி இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? புது சிரிஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த, சுத்தமான, கொஞ்சம் பயமுறுத்தும் வாசனை. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும். எனக்கு ஈரமண் ஞாபகம் வரும்.

என் முதல் வேலை திருவண்ணாமலையில், ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடுவது. வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம்; எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஜல்லிக் குவியலைச் சுற்றித்தான் போக வேண்டும். கீழ்ப் போர்ஷனில் பச்சையம்மாள் அக்காவும் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனும் குடியிருந்தார்கள். அக்கா கிரைண்டர் வைத்து லாட்ஜுகளுக்கும் மெஸ்களுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பாள். அண்ணன் பொக்லைன் ஓட்டியவர். ஓட்டியவர் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏரிக்கரை வேலை ஒன்றில் வண்டியோடு சரிந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் குடிவந்தபோது அது நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எப்படி விழுந்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. பெரும்பாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. போர்வைக்கு மேலே இரண்டு கைகளும் எதையோ பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்கும். நரம்புக் கோளாறோ என்று அக்காவுக்குப் பயம். ஒருநாள் நான் மாவு வாங்கப் போயிருந்தபோது என் எதிரிலேயே கேட்டுவிட்டாள்.

"கை ஏன் இப்டி ஆடிக்கினே கீது? டாக்டராண்ட கேக்கலாமா?"

"கெணறு வெட்டிக்கினு கீறேன்," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே. "இன்னும் பாறை வரல."

அக்கா மாவை வழித்து என் தூக்கில் போட்டுவிட்டு, "அத்த மண்ணுலயே வெட்டேன்," என்றாள். மறுநாள் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் சென்ட்ரிங் போட்டு மீந்த பிளைவுட் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். ஒரு வாரம் அவை அங்கேயே கிடந்தன. எட்டாம் நாள் அண்ணன் பென்சில் கேட்டார்.

இந்த இடத்தில்தான் கதைக்குள் என் கடை வருகிறது. இரண்டு சிரிஞ்சுகளை ஒரு டியூபால் இணைத்துத் தண்ணீர் நிரப்பி ஒன்றை அழுத்தினால் இன்னொன்று தானாக நீளும். நிஜ பொக்லைனில் ஆயில் செய்யும் வேலையை, தான் செய்யப்போகும் குட்டி வண்டியில் தண்ணீர் செய்துவிடும் என்று அண்ணன் படம் போட்டுக் காட்டினார். காலாவதியாகி அழிக்க ஒதுக்கி வைத்த பெரிய சிரிஞ்சுகள் எங்கள் குடோனில் ஒரு பெட்டி இருந்தன. முதலாளியிடம் கேட்டேன். "இவ்ளோ எதுக்கும்மா?" என்றார். "மண்ணு வெட்டறதுக்குங்க," என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது அவர் குரல் சற்று மென்மையாகிவிட்டது. தலையில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

வண்டி உருவாக இரண்டு மாதம் ஆனது. முழங்கால் உயரம். பூம் என்கிற அந்தப் பெரிய கை பிளைவுட்டில். பக்கெட்டை எண்ணெய் டின் தகரத்தில் வெட்டி, ஆணிகளைப் பற்களாக வைத்தார். பழைய மின்விசிறியின் பேரிங்கில் வண்டி இடமும் வலமும் திரும்பியது. பின்பக்கப் பாரத்துக்கு அரைச் செங்கல். அடியில் சைக்கிள் செயின். ஆனால் தானாக ஓடாது, தள்ளிக்கொண்டு போய்த்தான் நிறுத்த வேண்டும். டியூபுக்குள் ஒரு கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் போதும், பக்கெட் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். "காத்து பூந்துடுச்சி," என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தண்ணீர் நிரப்புவார். ஒரே மாலையில் ஏழு முறை அவர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அலுப்பு என்பது அந்த முகத்தில் துளியும் இருக்காது. பில்லில் ஒரு தப்பு வந்தால் கம்ப்யூட்டரைத் திட்டும் ஆள் நான். எனக்கு அது ஒரு அதிசயம்.

லீவர்களை மட்டும் நிஜ வண்டியில் இருப்பதுபோலவே வைத்தார். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, எந்தப் பக்கம் தள்ளினால் எது அசைய வேண்டுமோ அப்படியே. பொம்மைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "இல்லன்னா கை மறந்துடும்மா," என்றார்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் காலி இடம்தான் சைட். அக்கா முதல்நாளே தண்ணீர் தெளித்து மண்ணைக் கொத்திப் பதமாக்கி வைப்பாள். அண்ணன் சக்கர நாற்காலியில் மடிமேல் லீவர் பெட்டியோடு உட்காருவார். முதல் பக்கெட் மண் மேலே வந்தது. ஒரு கைப்பிடிதான் இருக்கும். அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு வேலை சூடுபிடித்துவிட்டது. பொக்லைன் மட்டும் இருந்தால் மண்ணை யார் அள்ளிப் போவது? ஒரு டிப்பர் லாரி வந்தது. அதன் தொட்டியைத் தூக்கவும் ஒரு சிரிஞ்சு. ரோடு போட ஒரு ரோலர், பால்பவுடர் டின்னுக்குள் சிமெண்ட் நிரப்பி. எனக்கு லாரி டிரைவர் பதவி. கயிற்றைப் பிடித்து இழுத்துப் போய்க் கொட்ட வேண்டியதுதான் என்றாலும் அதையும் இரண்டு தடவை வளைவில் கவிழ்த்திருக்கிறேன். "லைசென்ஸ் புடுங்கிடுவேன்," என்பார் அண்ணன். அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சைட்டுக்கு மாலை ஐந்தரை மணி டூட்டி. பௌர்ணமியன்று மட்டும் விடுமுறை, அன்று அக்காவுக்கு மாவு வேலை ஜாஸ்தி.

உட்கார்ந்தே இருந்ததில் அண்ணனுக்கு இடுப்பில் புண் வந்தது. மூன்று வாரம் கவிழ்ந்தே படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதி வெட்டிய கிணறு அப்படியே கிடந்தது. ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். அங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மூன்றாம் நாள், "பச்ச, நீ ஒக்காரு," என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். ஜன்னலில் இருந்து அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். "இழுக்காத, வழி." "பக்கெட்ட மடக்கிட்டு அப்பறம் தூக்கு." "அவசரம் இன்னா, மண்ணு எங்கயும் ஓடாது." இரண்டு நாளில் அவர் சொல்வது குறைந்தது. ஒரு வாரத்தில் நின்றே போனது. கிணறு முடிந்த அன்று நான் குனிந்து பார்த்தேன். சுவர் நான்கு பக்கமும் கரண்டியால் இழைத்ததுபோல் இருந்தது. அண்ணன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் கைய வுட உன் கை நிதானம்," என்றார். பதினைந்து வருடம் ஓட்டியவர் அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்காவுக்கு உறைத்திருக்கிறது. அடுத்த வாரம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "பெரிய வண்டில என்னிய ஏத்தி வுடேன்," என்றாள்.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

நான்கு நாள் அவர் அவளோடு பேசவில்லை. புண் ஆறி நாற்காலிக்கு வந்த பிறகும் சைட்டுக்கு வரவில்லை. அக்கா மட்டும் ஐந்தரைக்கு லீவர் முன்னால் உட்கார்ந்து, வெட்டிய குழியை மூடுவாள், மூடியதை மறுபடி வெட்டுவாள். நான் லாரிக் கயிற்றைப் பிடித்தபடி, எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் பின்பக்கம் இருந்தார். நாற்காலியில் இருந்து குனிந்து கையாலேயே ஈரமண்ணைக் குவித்து ஒரு கரை கட்டியிருந்தார், ஒரு முழ உயரத்துக்கு. வண்டியைத் தூக்கி அதன் ஓரத்தில் வைக்கச் சொன்னார். அக்காவிடம், "கீழ கீற மண்ண வெட்டு," என்றார்.

அக்கா வெட்டினாள். மூன்றாவது பக்கெட்டில் கரையின் அடி உள்ளே போனது. நான்காவதில் மேல்மண் பிளந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, செங்கல்லோடு குப்புறக் கீழே போய் விழுந்தது. பூம் இரண்டாக உடைந்தது. டியூப் கழன்று தண்ணீர் பீய்ச்சியது.

"இப்டிதான் வுழுந்தேன்," என்றார் அண்ணன். "நின்ன எடத்துக்கு அடியிலயே வெட்டிக்கினு இருந்தேன். வெட்டுன்னு யாரும் சொல்லல. நானேதான்."

அக்கா அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நான் மாடிக்குப் போய்விடலாமா என்று யோசித்தபடி கழன்ற டியூபைச் சுருட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப சொல்லு. வண்டிய எங்க நிறுத்துவ?"

அக்கா எழுந்து கரையின் விளிம்பில் இருந்து பின்னால் அளந்து, குச்சியால் ஒரு கோடு போட்டாள். அவர் பார்த்தார். "இன்னும் ரெண்டு வெரல் பின்னால," என்றார். அவ்வளவுதான். அதுதான் அவர் சம்மதம்.

அண்ணன் முன்பு வேலை பார்த்த வண்டியின் உரிமையாளர் கோதண்டம் என்று ஒருவர். அண்ணன் கூப்பிட்டு வந்து பார்த்தார். அதற்குள் ஒட்டி முடித்திருந்த பூமைக் கொண்டு அக்கா ஒரு கால்வாய் வெட்டிக் காட்டினாள். "பொம்ம வேற, வண்டி வேற ஏழுமல," என்றார் கோதண்டம். "ஒரே ஒருநாள் ஒக்கார வெச்சிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க," என்றார் அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடி அண்ணாமலை தாண்டி ஒரு காலி நிலம். அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா சுடிதாரின் மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து லீவரைத் தொட்டதும் வண்டி துள்ளியது. பொம்மையை அழுத்தி அழுத்திப் பழகிய கை அல்லவா, நிஜ வண்டிக்கோ விரல் பட்டாலே போதும். கோதண்டம் "நிறுத்து, நிறுத்து" என்று ஓடினார். அக்கா இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி தொட்டாள். பூம் மெதுவாக இறங்கியது. பக்கெட் மண்ணை வழித்தது, மடங்கியது, எழுந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. அவர் ஆட்டோக்காரரிடம், "ஆட்டோவ கொஞ்சம் முன்னால வுடுப்பா, பக்கெட் தெரியல," என்றார்.

கோதண்டத்திடமே அக்கா சேர்ந்தாள். முதலில் உதவிக்கு, பிறகு லைசென்ஸ் எடுத்து முழுநேரத்துக்கு. தெருவில் பேசாத பேச்சில்லை. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வண்டிச் சத்தத்தில் அவளுக்கு வசதிப்படவில்லை. இப்போது சொந்த வண்டி ஓடுகிறது. அண்ணன் போனில் வேலை பிடிப்பார், இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எங்கே நிறுத்துவது என்று சொல்வார். வேலைக்கு வேலை அந்த விஷயத்தில் மட்டும் இருவரும் சண்டை போடாமல் இருந்ததில்லை.

கல்யாணமாகி நான் அந்த மாடியைக் காலி செய்தேன். சைட் அதற்கு முன்பே நின்றுவிட்டது. மாலை ஐந்தரைக்கு அக்கா வேறெங்காவது நிஜமாக வெட்டிக்கொண்டிருப்பாள். டியூபுகள் வெயிலில் விறைத்து வெடித்தன. பிளைவுட்டைக் கரையான் தின்றது. ரோலர் டின் கொஞ்சநாள் வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்தது, பிறகு அதையும் காணோம்.

போன வருடம் வீட்டின் சொந்தக்காரர் அந்த வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டத் தொடங்கினார். அஸ்திவாரம் தோண்ட வந்தது அக்காவின் வண்டி. கேள்விப்பட்டு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் கிணறு, கால்வாய், நான் லாரி கவிழ்த்த வளைவு எல்லாம் இருந்த மூலைக்கு அக்கா வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். மழையில் அவை எப்போதோ மட்டமாகி, எது எங்கே என்று எனக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கெட் இரண்டு முறை இறங்கி ஏறியது. மூன்று பேர் ஒரு வருடம் தோண்டியதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. எட்டி, வெட்டிய கரையைப் பார்த்தாள். வண்டியை ஓர் அடி பின்னால் எடுத்தாள்.