காய்ச்சல் வாங்கில் இருந்தவர்கள்

1. பலகை

சுகாதாரக் கந்தோரில் என்னுடைய புதிய வேலையின் முதல் நாளில் நான் செய்தது, ஒரு பலகைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்ததுதான். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவன் பகல் ஒரு மணிக்கு எழும்பினேன். இடையில் ஒரே ஒருவர் வந்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

எண்பதுகளின் தொடக்கம். ஏழைகள் அரிசி வாங்க உணவு முத்திரை வந்த புதிது. எங்கள் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை மனநோய்க்கான கிளினிக் நடக்கும். டொக்டர் வெளியிலிருந்து வருவார். ஊசி போடுவார், குளிசை கொடுப்பார், மூன்றரை பஸ்ஸுக்குப் போய்விடுவார். அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று தேடிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எம்.ஓ.எச்., பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிதான். மட்டக்களப்புக்காரர், மெலிந்த உருவம், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹனீபா, பஸ்ஸுக்குக் காசில்லாதவன் ரெண்டாம் மாசம் வாறானில்ல. வயிறு காஞ்சவன் குளிசைய விழுங்கிறானில்ல. ஆனபடியா ஆலோசனையும் மருந்துதான். முத்திரைக்கும் பிச்சைச் சம்பளத்துக்கும் நீர் எழுதிக் குடும்."

பிச்சைச் சம்பளம் என்பது ஏழைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த உதவிப் பணம். பெயரை வைத்தவர்கள் சனங்கள்; வாங்கியவர்களும் அவர்களே. சுகாதாரப் பணத்தை ஏன் விண்ணப்பம் நிரப்பச் செலவழிக்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். எம்.ஓ.எச். நான்கு தரம் கடிதம் எழுதி, தொற்றுநோய்த் தடுப்பு வோட்டுக்குள், அந்தப் பண ஒதுக்கீட்டுக்குள், ஓர் ஓரமாக எங்களுக்கு இடம் பிடித்தார். அந்த மகிழ்ச்சியில் வெள்ளைப் பலகையில் நீல எழுத்தில் அரை மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி எழுதுவித்தார்: மனநோயாளர் நலன்புரி ஆலோசனை.

அங்கேதான் பிசகியது. என் மேசை ஆஸ்பத்திரி முன்மண்டபத்தில். வாசலில் பஸ் நிற்கும். இந்தக் கரையோரத்துக்கு ஒரே றோட்டு. மருதமுனையில் ஏறியவரை நிந்தவூரில் இறங்குகிறவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒருவருக்குப் புத்தி சுகமில்லை என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக் குமர்களுக்கு மாப்பிள்ளை வராது. அந்தப் பலகையின் கீழ் வந்து உட்காருவதை விட ஐந்து வேளையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிவிடலாம்.

பதிவேடு வேறு. பெயர், முகவரி, ஆலோசனை பெற்றவரின் கையொப்பம் என்று மூன்று நிரல். மூன்று மாதம் அதில் என் தேதி முத்திரை மட்டும் இருந்தது.

2. தங்கராசாவின் யோசனை

என் மேசைக்குப் பக்கத்தில் மலேரியாத் தங்கராசாவின் மேசை. ஆலையடிவேம்புக்காரர். காய்ச்சல் என்று வருகிறவர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவது அவர் தொழில். அவருக்கு முன்னால், வருகிறவர்கள் வரிசையாக உட்கார ஒரு நீள வாங்கு. மாதத்துக்கு இத்தனை பேரின் இரத்தம் என்று அவருக்குக் கணக்கு விதித்திருந்தார்கள், காய்ச்சல்காரர் போதவில்லை. எனக்கு ஆட்களே இல்லை.

ஒருநாள் அவர், எங்கள் சனம் அண்ணனை அழைக்கிற மாதிரி அழைத்துச் சொன்னார்: "காக்கா, அந்தப் பலகையச் செவரோட திருப்பி வைங்க. உங்கட ஆக்கள் என்ட வாங்குல வந்திருக்கட்டும். காய்ச்சல் எண்டா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டானுகள்."

"உங்கட கொப்பியில பேர் விழுமே?"

"விழட்டும். எனக்கு ரத்தம், உங்களுக்கு ஆள்."

அப்படியே செய்தோம், கிளினிக்குக்கு வந்தவர்களின் காதிலும் தனித்தனியாகப் போட்டுவைத்தோம். அடுத்த இரண்டாம் புதனில் வாங்கு நோயாளிகளின் வீட்டாரால் நிறைந்தது. முதலில் தங்கராசாவிடம் விரலில் ஒரு குத்து, காய்ச்சல் கொப்பியில் பெயரும் வீடும். பிறகு விரலைச் சூப்பிக்கொண்டே என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, முத்திரை வெட்டுப்பட்ட கதை, கிராம சேவகர் கையொப்பம் போடாத கதை. அதன் பிறகு ஒவ்வொருவராகப் பின் வழியால், முன்னமே நோயாளியை அனுப்பிவைத்த கிளினிக்குக்குள் போய்விடுவார்கள். உலகத்தில் இரத்தம் கொடுத்து ஆலோசனை வாங்கிய சனம் எங்கள் சனமாகத்தான் இருக்கும். ஒருவர்கூட முறைப்பாடு சொல்லவில்லை. என் பதிவேட்டில் மட்டும் ஒருவரும் கையொப்பம் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. வாங்கில் இருந்த எல்லாரும் பக்கத்தில் இருப்பவருக்கு உண்மையான காய்ச்சல் என்று நம்பினார்கள். "பாவம், போன மாசமும் வந்தாக," என்று ஒருவரை ஒருவர் பார்த்து இரக்கப்படுவார்கள்.

3. ஒரு வரி

சீனத்தும்மா மருதமுனைக்காரி. கணவர் மௌத்தாகி விதவையானவர். மகன் ஜுனைதீன் கைத்தறியில் உடுக்கிற சாரம் நெய்கிறவன். இருபத்துமூன்று வயதில் அவனுக்கு நோய் தொடங்கியது. மாதம் தவறாமல் ஊசி போட்டால் பின்னறையில் தறியில் அரைநாள் இருப்பான். தவறினால் தறிக்குள் யாரோ இருந்து பேசுவதாகச் சொல்லி நூலை அறுப்பான். அவனுக்குப் பிச்சைச் சம்பளம் எடுத்துக்கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் தாய் உண்மையான கதைக்கு வந்தார்.

"தம்பி, மகள் நிஹாறாக்குக் கலியாணம் பேசுற. ஊட்ட அவளுக்குத்தான் எழுதணும். மருமகன் வந்த மறுகா இவன வெளிய போகச் சொன்னா, இவன் எங்க போற?"

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு மகளுக்குச் சீதனமாக உறுதிப் பத்திரத்தில் எழுதி முடிக்கப்படும். ஆண்பிள்ளைக்கு வீடு என்றால் அவன் கட்டுகிறவளின் வீடு. யாரும் பெண் கொடுக்காத ஆண்பிள்ளைக்கு எந்த உறுதியிலும் இடமில்லை.

நான் சொன்னேன்: "உறுதியில ஒரு வரி சேக்கலாம், ராத்தா. பின்னறையில ஜுனைதீன் உசிரோட இரிக்கிற வரைக்கும் குடியிருக்க உரித்து இரிக்கி எண்டு. உறுதி எழுதுற நொத்தாரிசு அத எழுதினா மருமகனால ஒண்டும் செய்யேலா."

"அந்த வரிய மாப்புள ஊட்டார் வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க."

"அப்ப ஏன் ஒரு ஆம்புளப் புள்ளைக்கு அறை எண்டு கேப்பாங்க. கலியாணம் நிண்டிரும்."

வரி எழுதினால் மகளின் வாழ்வு போகும். எழுதாவிட்டால் மகனின் கூரை போகும். நான் அந்த வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எட்டாக மடித்து மணிப்பர்ஸில் வைத்தார். மாதாமாதம் எடுத்துக் காட்டி, "எழுதுறதா, உடுறதா?" என்று கேட்பார். மாதாமாதம் நான் "யோசிங்க" என்பேன். என் ஆலோசனையின் தரம் அவ்வளவுதான்.

4. மேலிடம் விழித்துக்கொண்டது

காய்ச்சல் கொப்பியின் நாள்வாரிக் கூட்டுத்தொகை மாத முடிவில் மேலிடத்துக்குப் போகும். இரத்தத்தில் கிருமி இல்லை என்ற முடிவு வர மாதக்கணக்காகும். எனவே மேலிடத்துக்குத் தெரிந்ததெல்லாம், கரையோரத்தில் திடீரென்று காய்ச்சல் ஏறுகிறது, அதுவும் சொல்லி வைத்ததுபோல் இரண்டாம் புதன்கிழமைகளில் ஏறுகிறது என்பதுதான். அதே மேலிடத்தில் வேறொரு மேசையில் என் பதிவேட்டின் றிப்போட்: ஆலோசனை பெற்றோர், இல்லை.

எம்.ஓ.எச். என்னைக் கூப்பிட்டார். காய்ச்சலைப் பற்றியும் என் மேசையைப் பற்றியும் மேலிடம் எழுதிய இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, சிரித்தார்.

"உண்மைய எழுதினா அந்தச் சனத்திட பேர் கந்தோர் கந்தோராப் போகும். எழுதாட்டி நுளம்புக்கு மருந்தடிக்க வருவாங்கள். அடிச்சிட்டுப் போகட்டுமே ஹனீபா. நுளம்பு செத்தா ஆருக்கு நட்டம்?"

எனக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது. இரண்டு படித்த மனிதர்கள் ஒரு மேசைக்கு இருபுறமும் இருந்து எடுத்த முடிவு.

நுளம்பு என்கிற கொசுவுக்கு மருந்தடிக்கும் குழு வந்தது. வோட் போதாததால் ஊர் முழுவதும் அடிக்கவில்லை. காய்ச்சல் கொப்பியில் உள்ள வீடுகளுக்கு மட்டும் அடித்தார்கள். அடித்த வீட்டின் முன்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், எண் வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையால் ஓர் இலக்கத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். எங்கள் இருவருக்கும் அது தெரியும். இருவருக்கும் நினைவு வரவில்லை.

இரண்டே நாள். தேத்தண்ணிக் கடையில் யாரோ இலக்கம் குத்திய வீடுகளை எண்ணிப் பார்த்து, அவற்றிலிருந்து புதன்கிழமைகளில் யார் பஸ் ஏறுகிறார்கள் என்றும் எண்ணிப் பார்த்துவிட்டார். நான் மூன்று மாதம் யாரையும் உட்காரவைக்க முடியாத அந்தப் பலகையை, சுகாதாரப் பகுதி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சுவரில் எழுதிவிட்டது.

5. வெள்ளிக்கிழமை

சீனத்தும்மா கந்தோருக்கே வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தம்பி, நீங்க எழுதின எழுத்து எங்கட செவத்துக்கு வந்திட்டு. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு மாப்புள ஊட்டுப் பொம்புளையள் பாக்க வாறாங்க. இவ்வளவு நாளும் ஆம்புளையள்தான் பேசின."

அன்று பின்னேரமே சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு மருதமுனைக்குச் சைக்கிளில் போனேன். ஒரு பூச்சு பூசினேன், இலக்கம் தெரிந்தது. இரண்டாவது பூச்சுக்கும் தெரிந்தது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு அந்தச் சுவரிலேயே வெள்ளையான இடம் அதுதான். நடுவில் சாம்பல் நிறத்தில் இலக்கம். அரசாங்கத்து மை எதில் செய்தார்களோ தெரியாது, என் சேவைக்காலத்தில் நான் கண்ட தரமான ஒரே அரசாங்கப் பொருள் அது. பின்னறை வாசலில் நின்று ஜுனைதீன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காக்கா, அத உட்டிருங்க. அது அங்கயே இரிக்கட்டும்," என்றான்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

புறப்படும்போது சீனத்தும்மா மணிப்பர்ஸைத் திறந்து, எட்டாக மடித்த தாளை என் கையில் வைத்தார். "இந்த வரி வாணாம். மகள் வாழட்டும். இவன அல்லாஹ் பாத்துக்குவான்." அன்றைக்கு நான் "யோசிங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

6. கடைசி நாள்

அடுத்த இரண்டாம் புதனில் வாங்கு வெறுமையாக இருந்தது. கிளினிக்குக்கும் மூன்றே பேர். அன்றைய கணக்குக்குக்கூடக் காத்திராமல் காலைத் தபாலில் கடிதம் வந்தது: மருந்தடிப்பின் பயனாகக் காய்ச்சல் முற்றாகத் தணிந்துள்ளது, பாராட்டுக்கள், ஆலோசனை மேசையை எவரும் நாடாததால் இன்றுடன் மூடவும், அதன் மிகுதிப் பணம் மருந்தடிப்புச் செலவுக்கு எடுக்கப்பட்டது. எம்.ஓ.எச். அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

பத்து மணி பஸ்ஸில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் சீனத்தும்மா. மற்றவர் நிந்தவூர்க்காரி, சித்தசுவாதீனமில்லாத தம்பிக்காக மாதாமாதம் காய்ச்சல் வாங்கில் வந்திருப்பவர். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இவகதான் மாப்புளட உம்மா," என்றார் சீனத்தும்மா.

நிந்தவூர்க்காரிதான் கதையைச் சொன்னார். "வெள்ளிக்கிழம வண்டியால எறங்கினா, செவத்துல எங்கட ஊட்டுல இரிக்கிற அதே எழுத்து. நிமிந்து பாத்தா, வாசல்ல காய்ச்சல் வாங்குல என்னோட இரிந்த மனிசி. நான் குசினிக்குள்ள கூட்டிப்போய்க் கேட்டன், உங்கட ஊட்டுல ஆருக்கு எண்டு. மகனுக்கு எண்டாக. எனக்குத் தம்பிக்கு எண்டன்."

"மறுகா?"

"மறுகா என்ன, அவன் இரிக்கிற அறை எது எண்டு கேட்டன். அவனுக்காக உறுதியில ஒரு வரி சேக்க இரிந்ததாம், நீங்க எழுதினதாம். அத எழுதுங்க தம்பி. எங்கட மகளுக்கு ஊடு எழுதக்குள்ள, என்ட தம்பிக்கும் அதே வரிய எழுதணும். எனக்கும் ஒண்டு தாங்க."

மேசை மூடியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எழுதத் தாள் இருக்கவில்லை. தங்கராசா காய்ச்சல் கொப்பியின் கடைசி இரண்டு தாள்களைக் கிழித்துத் தந்தார். ஒரே வரியை இரண்டு தரம் எழுதினேன். எழுதி முடிக்கும்போது நிந்தவூர்க்காரி பழக்கத்தில் விரலைத் தங்கராசாவிடம் நீட்டினார்.

"இண்டைக்குக் குத்தத் தேவையில்ல," என்றார் தங்கராசா.

நான் என் பதிவேட்டைத் திறந்து, மைப்பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளினேன். பெயரும் ஊரும் விழுகிற கொப்பி இது, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றேன்.

"செவத்துல எழுதியாச்சு. இனிக் கொப்பிக்கு என்ன?" என்றார் சீனத்தும்மா. இரண்டு பெருவிரல் அடையாளங்கள் விழுந்தன. மேசை இருந்த காலம் முழுவதற்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கும் கையொப்பங்கள் அவை இரண்டும்தான். மூடிய நாளில் விழுந்தவை.

ஜுனைதீன் அந்தப் பின்னறையில்தான் இருந்தான். நிஹாறாவைக் கட்டிய மச்சான்காரன் ஒருநாளும் அவனை எழும்பச் சொன்னதில்லை என்று கேள்வி. வரிக்குப் பயந்தோ, தன் மாமாவை நினைத்தோ, எனக்குத் தெரியாது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர், எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. முதலில் ஒரு வாங்கைப் போடுங்கள், ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்பேன். பலகை எழுதுவதென்றால், என்ன எழுதலாம் என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள். நாங்கள் கேட்காமல் எழுதியது இரண்டு தரம், பலகையில் ஒன்று, சுவரில் ஒன்று. இரண்டாவது தரம் எழுதியது மூன்று பூச்சுச் சுண்ணாம்புக்கும் போகவில்லை.