பனிமலைக்கு ஒருத்தி

“மார்கழிப் பனியே ஒனக்கு ஆவாது. பொங்கல் வரைக்கும் மூக்க உறிஞ்சிக்கிட்டுக் கெடப்ப. இதுல பனியப் பாக்க டெல்லிக்கு அந்தாண்ட போறியாக்கும்?”

கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வேலைக்குப் போனதும் முதல் வேலையாகப் பனிமலை பார்க்கப் போவேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த பனி வேறு. விடிவதற்கு முன்னால் நாற்றுப் பறிக்கப் போகிறவர்களின் முந்தானையை நனைக்கும் பனி அது. சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் தெளித்துவிட்ட உளுந்து, தண்ணீர் பாய்ச்சாமலே அந்தப் பனியைக் குடித்துத்தான் வளரும். உளுந்துக்கு நல்லது, மனுசருக்குக் கெட்டது, அவ்வளவுதான் அம்மாவின் பனி. நான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இது அந்தப் பனி இல்லம்மா, ஒறைஞ்சு கெடக்கும், ஐஸ் மாதிரி” என்றேன்.

“அப்ப ஐசுன்னு சொல்லு. ஐசப் பாக்க எதுக்கு அவ்வளவு தூரம்? மன்னார்குடி மீன் மார்க்கெட்டுல கொட்டிக் கெடக்கு.”

நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த ஆசையில் நான் தனியாக இல்லை.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் சீர்காழிப் பக்கத்துப் பெண். ஓர் உரக்கடைக் காலண்டரிலிருந்து பனிமலைப் படத்தைக் கிழித்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டியவள் அவள்தான். உரத்துக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று இருவருக்கும் விளங்கவில்லை. இருவருமே மலை பார்க்காத ஊர்க்காரர்கள். பள்ளிச் சுற்றுலாவில் சுவாமிமலைக்குக் கூட்டிப்போனார்கள், அதுவும் மனுசர்கள் கட்டிய மலை. “நாம ரெண்டு பேரும் சம்பாரிச்சு, யாரையும் ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டு வருவோம்டி” என்று அவள் சொல்வாள். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அவள் பெட்டியில் எதை எடுத்துவைப்பது என்று பேசுவாள். எந்த ஊரில் இறங்கி எந்தப் பேருந்து ஏறுவது என்று தேடுவது என் வேலை. திட்டம் என்றால் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எழுதும்போதும் என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள், இப்போது குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார்கள். நான் வலங்கைமான் தாலுகாவில் நில அளவர். வரப்பில் நின்று நான் எல்லைக்கல் காட்டினால், ஒரு காலத்தில் அப்பாவை வாசலோடு நிறுத்திப் பேசியவர்கள் “சொல்லுங்க மேடம்” என்கிறார்கள். நீளமும் அகலமும் அளப்பதுதான் என் வேலை. உயரம் அளக்க எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. ஒரு வயல் பக்கத்து வயலைவிட ஒரு சாண் மேடாக இருந்தாலே தண்ணீர் ஏறாது என்று சண்டை வரும். ஒரு சாணுக்கு மேற்பட்ட உயரத்தை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

பெருமைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் தெருவில் என்னோடு பாண்டி ஆடியவர்கள் இப்போது நடவுக்குப் போகும் வழியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு, “ஆபீசரம்மா கெளம்பியாச்சா?” என்கிறார்கள். கேலி பாதி, மரியாதை பாதி. நான் பதில் சொல்லிக் கடந்த பிறகுதான் அவர்கள் பேச்சு மறுபடி தொடங்கும். அலுவலகத்திலோ மதியச் சாப்பாட்டு மேசையில் அவரவர் பிள்ளைகளின் டியூஷனும் மாமியார்களும்தான் பேச்சு. அங்கே நான் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவ முதலில் எழுந்துவிடுகிறேன். மனதில் இருப்பதைப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் சீர்காழிக்காரி. பேசுவதற்கு இருந்த ஒரே விஷயம் என்றுகூடச் சொல்லலாம், அந்தப் பனிமலை.

வேலை கிடைத்த வருடம் அவளுக்கும் சென்னையில் வேலை கிடைத்தது. ஏப்ரல் என்று முடிவு செய்தோம். மே மாதம் பிறந்தால் ஜமாபந்தி வந்துவிடும், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் அந்த நாட்களில் எனக்கு விடுப்பே கிடைக்காது. மணாலிக்கு மேலே ஏப்ரலிலும் பனி இருக்கும் என்று படித்திருந்தேன். அதற்குள் அவளுக்கு வரன் பார்த்தார்கள். “கல்யாணம் முடியட்டும்டி, அடுத்த ஏப்ரல் கண்டிப்பா” என்றாள். கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தியில் பாயசம் பரிமாறிவிட்டு வந்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஆலங்குடிப் பக்கம் பாகம் பிரித்த ஒரு வயலின் உட்பிரிவை அளந்துவிட்டுப் பேருந்துக்கு நின்றபோது அவளுடைய ஸ்டேட்டஸைத் திறந்தேன். வாடகைக்கு எடுத்த சிவப்புக் கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்சுமாக அவள் பனியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர். பின்னால் மலை. அடுத்த படத்தில் பனியை அள்ளி அவர்மேல் எறிகிறாள். பேருந்து வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. பிறகு, ஓர் இதயக் குறியை அனுப்பிவைத்தேன். வேறு எதை அனுப்புவது என்று தெரியவில்லை.

அவள் ஊர் திரும்பியதும் அழைத்தாள்.

“கோவமாடி?”

“எதுக்குக் கோவம்?”

“அவங்க வீட்டுல சர்ப்ரைஸா டிக்கெட் போட்டுட்டாங்க. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல.”

“நல்லா இருந்துச்சா?”

“ஒண்ணும் பெருசா இல்லடி. ஒரே கூட்டம். கோட்டு நாத்தம். கை வெறச்சுப் போச்சு. ஃபோட்டோ எடுக்கத்தான் நல்லா இருக்கும்.” பிறகு, “அவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சு மூணு பேருமாப் போவோம், என்ன?” என்றாள்.

சரி என்றேன். அவள் பார்த்துவிட்டாள் என்பதுகூட எனக்கு வலிக்கவில்லை. ஒண்ணும் பெருசா இல்லை என்று எனக்காகச் சொன்னாள் பாருங்கள், அதுதான். நான் இனிப் போகமாட்டேன் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் அப்பா வயதுக்காரர், நல்ல மனிதர்.

“மணாலியா? உக்காருங்க. ஹனிமூன் பேக்கேஜாம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப ஃபேமிலி. எத்தன பேரு?”

“நான் மட்டும்தாங்க.”

அவர் பேனாவை மூடினார். “தனி ஆளுக்கு நாங்க போடுறதில்லையே. ரூமு, வண்டி எல்லாமே ஜோடிக் கணக்குத்தான்.” யோசித்தார். முகம் தெளிந்தது. “ஒண்ணு செய்யலாம். பத்ரிநாத்துக்கு ஒரு குரூப் போவுது. எல்லாம் பெரியவங்க, பஜனை பாடிக்கிட்டு வருவாங்க. பாதுகாப்பு. நம்ம சமையக்காரரே வர்றாரு, ரசம் சாதம் கெடைக்கும். அங்கயும் பனி இருக்கும்மா. சேத்து விடவா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து பனிமலைக்குப் போக இரண்டு காரணங்கள்தான் உண்டு என்பது அன்றைக்குப் புரிந்தது. ஒன்று கல்யாணம், இன்னொன்று புண்ணியம். சும்மா பார்ப்பதற்காக ஒருத்தி போவதற்கு அவரிடம் ஒரு பெயரே இல்லை. அவர் என்னைத் தடுக்கவும் இல்லை. எந்த வரிசையில் என்னை உட்காரவைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் அந்தத் திட்டம் அப்படியே கிடந்தது. ஆசையை விட்டுவிடுவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. சீர்காழிக்காரி வேறு விஷயங்கள் பேசினாள், பிறகு கொஞ்சம் குறைவாகப் பேசினாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவே தெரியாது. நான் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்க இந்த உலகத்தில் ஓர் ஆள் இல்லை. அது தெரிந்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. பனிமலையை விட்டால், யாரும் கேட்காத அடுத்த ஆசையையும் இதே போல் விடுவேன்.

தை முடிந்து அறுவடை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“ஏப்ரல்ல நான் அந்த மலைக்குப் போறேன்மா.”

“யாரு கூட? அந்தச் சீர்காழிப் பொண்ணா?”

“அவ போயிட்டு வந்துட்டா. புருசங்கூட.”

முறம் நின்றது. “ஒன்ட்டச் சொல்லாமயா?”

முறத்துக்கு வெளியே சிதறிய பயற்றைப் பொறுக்கிப் போட்டேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, சனியன்” என்றாள் அம்மா. எனக்காக யாரோ கோபப்பட்டது அதுதான் முதல்முறை. ஆனால் அம்மா விடவில்லை. “சரி, நீ தனியாப் போயி அங்க என்னத்தப் பண்ணுவ?”

“பாப்பேன்.”

“பாத்துட்டு?”

“வந்துருவேன்.”

“பேசக்கூட ஆளு இருக்காதேடி.”

“இங்க மட்டும் யாரு இருக்காம்மா?”

சொன்ன பிறகுதான் அது அம்மாவை எப்படித் தொடும் என்று தோன்றியது. அவள் என்னைப் பார்க்காமல் பயற்றில் கல் பொறுக்கினாள். பிறகு, “ஒங்கப்பாட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க” என்றாள். அப்பாவிடம் சொன்னேன். லீவு கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டார்.

லீவு கிடைத்தது. மணாலியைத் தாண்டி ஒரு சிறிய ஊரில், வீட்டிலேயே அறை வாடகைக்கு விடும் ஓர் அம்மாளின் எண்ணைத் தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்தி என்றேன். அடுத்த கேள்விக்காகக் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோறா, ரொட்டியா என்று கேட்டார். சோறு என்றேன். சரி, வா என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு அறையில் மின்விசிறிச் சத்தம்தான். விஷயத்தைச் சொல்ல யாரை அழைப்பது என்று கைப்பேசியில் பெயர்களைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளினேன். யாரையும் அழைக்கவில்லை. அதே கைப்பேசியில் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து டெல்லிக்கும் ரயில் டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் வேண்டும் என்று சைடு லோயர் கேட்டேன். கிடைத்துவிட்டது.