பேசாமல் மறுத்த கூட்டம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று மிளகு மண்டி, ஊட்டு வாசலில் லாரி, எல்லாம் என் கையால் உண்டாக்கியது. எந்த எம்.எல்.ஏ. மலையேறினாலும் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடாமல் கூட்டம் தொடங்காது. உட்கார்ந்து என்ன? ஆளாளுக்கு மைக்கைப் பிடுங்கிக் கத்துகிறோம், அவரும் கத்துகிறார், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். கத்தத் தெரியாத காலத்திலும் ஒன்றும் கிழியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது வாழவந்தி நாடு என்கிற மலைப்பகுதியில் எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். சின்னம்மா முதல் பிரசவத்துக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். மறுபடியும் மாசமாக இருந்தாள். ரோடு கேட்பதற்காக அப்பா ஆள்மேல் ஆள் விட்டு எம்.எல்.ஏ.வை வரவழைத்தார். பலாமரத்தடியில் ஊரே கூடியது.

"ரோட்டை அடுத்த எலெக்சனுக்கு அப்புறம் பாக்கலாமுங்க. அதுவரைக்கும் பொறுத்துக்குவீங்கதானே?" என்றார் அவர்.

எங்கள் நாட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம். விருந்தாளியை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசமாட்டோம். சம்மதம் என்றால் "ஆமாங்க" என்போம். இல்லையென்றால் வாயே திறக்கமாட்டோம். பேசியவர் அதைப் புரிந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "ஏங்கண்ணு, மனசுல என்ன?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சே.

யாரும் வாய் திறக்கவில்லை. சின்னம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, வாய் நெறைய மரவள்ளிக் கெழங்கா?" எம்.எல்.ஏ. சிரித்தார். கூட வந்தவர்கள் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். "தங்கமான சனம்! கீழ ஒவ்வொரு ஊர்லயும் என்னையக் கடிச்சுத் துப்பறாங்க." கும்பிட்டார், இறங்கிப் போனார்.

சின்னப் பையனான எனக்கோ கொண்டாட்டம். "தோத்துட்டாருங்கப்பா!"

"கத்தாதே சாமி. காரணம் கேக்கத் திரும்பி வருவாரு," என்றார் அப்பா.

வரவில்லை. ஐப்பசி மழையில் சின்னம்மாவைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். பஸ் ரோட்டை எட்டுமுன்பே திரும்பிவிட்டார்கள். அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

அன்று எங்கள் ஊட்டில் ஒப்பாரிகூட இல்லை. அம்மா பேசவில்லை, அப்பா பேசவில்லை. சின்னம்மா செத்ததில் இவர்கள் யாருக்கும் சம்மதமில்லை, காரணம் கேட்க யாராவது வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.