பாஸ் ஆன மின்னல்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவள் பதினோரு வருஷம் விரிப்பு மடித்தாள். கை அத்தனை வேகம் என்பதால் எல்லோருக்கும் அவள் மின்னல். ஒரு திங்கட்கிழமை அவளை மேற்பார்வையாளராக்கினார்கள். மத்தியானத்துக்குள் மின்னல் போய் பாஸ் வந்துவிட்டது.

"பாஸ், சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு."

"பாஸ், நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பட்டுமா?"

முந்தின வாரம்வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். கேலியா மரியாதையா என்று பிடிபடவில்லை. கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து கூடத்தைச் சுற்றினாள். போன இடமெல்லாம் பேச்சு நின்றது.

தேய்க்கும் உருளையின் முன்னால் மட்டும் அதிக நேரம் நின்றாள். சூடான அந்த உருளை ஈர விரிப்பை உள்ளே இழுக்கும். கையும் கூடவே போய்விடாமலிருக்க முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். மூன்று வாரமாக நிற்பதில்லை. அதற்காகப் பழைய மேற்பார்வையாளரைத் திட்டித் தீர்த்தவர்களில் இவள்தான் முதல் ஆள். இப்போது இவளே மேனேஜரிடம் போனாள்.

"மெக்கானிக்கிட்ட சொல்லியாச்சும்மா. வர்றவரைக்கும் பார்த்து ஓட்டுங்க" என்றார் அவர்.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எந்தச் சொல்லையும் சும்மா விடமாட்டார்.

"பாஸ்னா என்னங்க அர்த்தம்?"

அகராதியை எடுத்தே விட்டார். "டச்சுக்காரங்களோட வார்த்தை. எஜமான்னு அர்த்தம். அதுக்கும் முன்னாடி பெரியப்பா, மாமா மாதிரி ஏதோ உறவா இருந்திருக்கலாமாம். உறுதியாத் தெரியல."

"அப்ப என்னைப் பெரியப்பாங்கறாங்களா?"

"முழுசாக் கேளு. அமெரிக்காவுல அடிமைங்க முதலாளியை மாஸ்டர்னு கூப்பிட்டாங்க. கூலிக்கு வேலை செஞ்சவங்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல மனசு வரல. அங்க குடியேறியிருந்த டச்சுக்காரங்ககிட்டேர்ந்து இதை எடுத்துக்கிட்டாங்க."

"சொல்லை மாத்துனா ஆளு மாறிடுவானா?"

அவர் அகராதியை மூடி வைத்தார். அவள் எழுந்து, துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள்.

புதன்கிழமை காலை உருளையில் விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்த ஒருத்தியின் சட்டைக் கை துணியோடு சேர்ந்து நகர்ந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், பித்தான் மட்டும் உள்ளே போனது. மின்னல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேனேஜர் வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"யாரையும் கேக்கல சார்."

"உனக்கு அந்த அதிகாரம் கிடையாது."

"யாருக்கு இருக்குன்னு சொல்லுங்க. அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

அவர் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

அன்று எல்லோரும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார்கள். அவளும் தேய்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோகும் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மறுநாளே மெக்கானிக் வந்துவிட்டார். கம்பிக்குப் போகும் ஒயர் உள்ளே அறுந்திருந்தது. அரைமணி நேர வேலை.

கேட்காமல் நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு மின்னலுக்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போய்விடுமோ என்று பத்து நாள் அரைத் தூக்கம். போகவில்லை.

பதினோராம் நாள், துவைக்கும் பகுதியிலிருந்து ஒருத்தி வந்தாள். மூன்றாவது இயந்திரத்தின் கதவு சரியாக மூடவில்லை, வெந்நீர் தெறிக்கிறது என்றாள். போன வருஷத்திலிருந்தே அப்படித்தானாம்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது?"

மின்னல் சுவிட்சுப் பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தாள்.