ஃபேமிலி ரூமில் தனியாக

சாதாரண வாடிக்கையாளர்போல ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, குறைநிறைகளை முதலாளிக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தொண்ணூறுகளில் சில மாதங்கள் நான் அந்த வேலையைப் பெயர் தெரியாமலே செய்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரர், நிலம் விற்ற பணத்தில் ஸ்டேஷன் அருகே ஒரு சைவ ஹோட்டல் நடத்தினார். பூரி மசாலில் உப்பு இல்லை, கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை, பில்லில் மட்டும் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று ஒரு நாள் வரிசையாக எழுதி அங்கே கல்லாவில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து என் கணவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

"அக்கா, சேலையூர்ல கேம்ப் ரோட்டு மேல இன்னொரு ஹோட்டல் தொறந்துகீறேன். ஃபேமிலி ரூம் போட்டு, ஸ்கிரீன் எல்லாம் மாட்டி வெச்சிருக்கு. ஃபேமிலி மட்டும் வரமாட்டேங்குது. நான் போய் நின்னா எல்லாரும் சலாம் போட்டுகினு நிக்கிறானுங்க. நீங்க சனிக்கிழமையில போய் சாப்ட்டுட்டு இன்னா குறைன்னு எழுதிக் குடுங்க. யாரு அனுப்பினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மேனேஜர் மத்தியானத்துல கடைல இருக்கானான்னும் பாருங்க."

"ஆம்பளைங்க யாரையாவது அனுப்பலாமே?"

"ஆம்பள இலையத்தான்க்கா பார்ப்பான். வேற எதயும் பாக்கமாட்டான்."

என் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பச்சைத் திரை போட்ட அறைதான் ஃபேமிலி ரூம். திரையின் ஓரத்தில் பலர் கை துடைத்திருந்தார்கள். சப்ளையர் நான்கு டம்ளர் தண்ணீரை ஒரே கையில், விரல்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருக்க, கொண்டுவந்து அதில் ஒன்றை என் முன்னால் வைத்தார். நான் குடிக்கவில்லை. மேசை துடைக்கும் துணி, மேசையில் இருந்ததை என் மடிப் பக்கமாகத் தள்ளியது. ரவா தோசை நன்றாக இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. சப்ளையர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கல்லாவில் இருந்த மேனேஜர் வாளியோடு வந்து தானே துடைத்தார். குழந்தையின் தாயிடம், "பரவால்லமா, எங்க அக்கா பசங்களும் இப்படித்தான்" என்றார். அதன் பிறகு சப்ளையரைத் திரைக்கு வெளியே நிறுத்திவைத்துக் கத்தினார். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் கை கழுவப் போகும்போது இருவரும் கல்லா அருகே ஒரு காபியைப் பிரித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லாதது உட்பட எல்லாவற்றையும் எழுதினேன்.

அடுத்த வாரம் மேனேஜர் கல்லாவில் இல்லை. சப்ளையரிடம் மெதுவான குரலில், "மேனேஜர் மத்தியானத்துல இருக்கமாட்டாரா?" என்று கேட்டேன்.

சப்ளையர் நிமிர்ந்து நின்றார். "அண்ணனப் பத்தியா கேக்குறீங்க? மார்க்கெட்டுக்குப் போய்கீறாரு, தோ வந்துருவாரு. தங்கமான மன்சன்மா. தண்ணி கெடையாது, தம்மு கெடையாது. படம் பாத்தாகூட சாமி படந்தான்."

அந்த வார அறிக்கையில், 'மேனேஜர் மதியம் இருப்பாரா என்று கேட்டேன். குடிக்கமாட்டார் என்று பதில் வந்தது' என்று எழுதினேன்.

மூன்றாவது வாரம் திரை துவைக்கப்பட்டிருந்தது. சோப்பு புதிது. எனக்குத் தண்ணீர் ஒரு டிபன் தட்டில் வைத்து வந்தது. புதிதாகச் சவரம் செய்து, விபூதி இட்டிருந்த மேனேஜர் தானே வந்து, சட்னியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் சட்னி ஊற்றிவிட்டுப் போனார். அவர் போனதும் சப்ளையர் குனிந்து கேட்டார்.

"குன்றத்தூர்ல பொண்ணு வூடு கோயிலாண்டயாமா?"

எந்தப் பெண் என்று அவரிடமே கேட்டபோதுதான் விளங்கியது. மேனேஜருக்குக் குன்றத்தூரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் ரகசியமாக விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று பெண் வீட்டார் தரகரிடம் சொல்லியிருந்தார்கள். ஃபேமிலி ரூமில் தனியாக உட்கார்ந்து, தட்டின் அடியைத் திருப்பிப் பார்த்து, தணிந்த குரலில் மேனேஜரைப் பற்றிக் கேட்கும் நடுத்தர வயதுப் பெண்ணை அவர்கள் வேறு யார் என்று நினைப்பார்கள்?

"நான் பொண்ணு வீட்டுக்காரி இல்லைங்க" என்றேன்.

"அப்டித்தாம்மா சொல்லுவாங்க" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ரெண்டு எடம் கூடி வந்து போய்டுச்சுமா. ஓட்டல்காரன், தீபாவளிக்குக்கூட வூட்ல இருக்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. முப்பத்தஞ்சு ஆவுது. இதுவும் போச்சுன்னா இனிமே பாக்கவே வோணாம்னு சொல்லிகினு கீறாரு."

ஹோட்டல்காரருக்குக் கொடுத்த வாக்கு இருந்ததால் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் கவலை வேறாக இருந்தது. உண்மையிலேயே விசாரிக்க வருகிறவருக்கு இந்தத் தட்டு வராது.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். குடையும் பையுமாக, என் வயதுள்ள ஒரு பெண்மணி. மற்ற மேசைகள் நிறைந்திருந்ததால் என் எதிரில் உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர் தட்டிலும் அவருக்கு விரல்களோடும் வந்தது. அவர் இரண்டு டம்ளரையும் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் மரியாத பலமா இருக்கே?"

"அடிக்கடி வருவேன்."

"அப்ப கல்லால இருக்கிறவர உங்களுக்குத் தெரியுமா? எங்க அண்ணன் பொண்ணுக்குக் கேக்குறாங்க. ஆளு எப்படி?"

யோசித்தேன். சென்ற வாரத்திலிருந்து நான் பார்த்ததெல்லாம் எனக்காகச் செய்தவை. அவை கணக்கில் வராது. முதல் சனிக்கிழமை மட்டும்தான் நம்பக்கூடியது. அன்று கண்டதை அறிக்கையில் இருந்த வரிசையிலேயே சொன்னேன்.

"சத்தம் போட்டாரா?"

"போட்டார். பெரிய சத்தம்."

"கெட்ட வார்த்த?"

"எனக்குக் கேட்டவரைக்கும் இல்லை."

"வாந்தியத் தொடச்சது அவரேதானா? நீங்க பாத்தீங்களா?"

"வாளி, துணி எல்லாம் அவரே கொண்டுவந்தார். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாரா என்று தெரியாது. அன்றைக்குச் சோப்பு இல்லை."

அவர் டம்ளரை ஒதுக்கி வைத்தார். "எங்க வீட்டுல கொழந்த வாந்தி எடுத்தா எங்கண்ணன் தெருமுனைக்குப் போயிடுவான். எல்லாம் காஞ்ச பெறவுதான் திரும்பி வருவான்" என்றார். பிறகு இன்னொரு காபி சொன்னார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து நான் கேட்காமலே கேசரி வந்தது. "நிச்சயம் ஆயிடுச்சுமா! நிச்சயத்துல ஒங்களத்தான் தேடினோம், காணோமே" என்றார் சப்ளையர். பின்னாலேயே பத்திரிகையோடு மேனேஜர் வந்தார்.

"பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்மா? அங்க யாருக்கும் சொல்லத் தெரியல."

"ஒரு முறையும் இல்லை. நான் சாப்பிடத்தான் வருகிறேன்."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "எல்லா சனிக்கெழமையுமா? தனியாவா?"

"ரவா தோசை நன்றாக இருக்கிறது."

அவர் பத்திரிகையைக் கேசரிக்குப் பக்கத்தில் வைத்து, "அப்பவும் நீங்க கட்டாயம் வரணும்" என்றார்.

அதற்கடுத்த வாரம் தண்ணீர் பழையபடி வந்தது. நான்கு டம்ளர், ஒரே கை, விரல்கள் உள்ளே. எழுதிக்கொண்டேன். அறிக்கையைப் படித்த ஹோட்டல்காரர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நல்லாத்தானேக்கா போய்கினு இருந்துச்சு? மறுபடியும் இன்னா ஆச்சு?"

"இப்போதுதான் உள்ளபடி இருக்கிறது" என்றேன். "இனி தண்ணீர் கொண்டுவரவென்று ஒரு தட்டு வாங்கிக் கொடுங்கள்."